பழைய ராணுவ ஜெட்டில் ஏறலாமா? விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்

வணக்கம். இங்கிலாந்தில் இருக்கிறேன். நண்பர் ஒருவர் பங்கு வைத்திருக்கும் ஜெட் புரோவோஸ்டில் ஒரு சுற்று வரக் கூப்பிட்டிருக்கிறார். ஒருகாலத்தில் ராயல் ஏர்ஃபோர்ஸின் பயிற்சி விமானம் அது. பைலட்டுக்குப் பக்கத்திலேயே உட்காரலாம். ஆசைதான். ஆனால் 2015-இல் ஷோரம் விமான சாகசக் காட்சியில் ஹாக்கர் ஹன்டர் என்ற பழைய போர் ஜெட் ஒன்று கரணம் அடித்து, நிமிர உயரம் போதாமல் ஏ27 சாலையில் விழுந்ததும் 11 பேர் இறந்ததும் மனதைவிட்டுப் போகவில்லை. அப்புறம்தான் சிஏஏ (பிரிட்டனின் விமானப் போக்குவரத்து ஆணையம்), காட்சிகளில் பழைய ஜெட்கள் நிலத்துக்கு மேலே நேராகப் பறந்து போனால் போதும், கரணம் வேண்டாம் என்றது.

நாங்கள் கரணம் அடிக்கப் போவதில்லை. என்னை உறுத்துவது இருக்கைதான். காக்பிட் ஓரத்தில் சிவப்பு முக்கோணம்: எஜெக்‌ஷன் சீட் (ஆபத்தில் ஆளோடு வெளியே பாயும் இருக்கை) எச்சரிக்கை. ஷோரம் விமானத்தில் அந்த இருக்கையை வெளியே தள்ளும் வெடிமருந்து கார்ட்ரிட்ஜ்கள் காலாவதியாகியிருந்தன என்று விசாரணையில் தெரியவந்தது. நண்பரிடம் கேட்டால் சிரிக்கிறார்.

கார்ட்ரிட்ஜ் தேதியை எந்த ஆவணத்தில் பார்ப்பது? இது ‘பர்மிட் டு ஃப்ளை’ என்ற தனி அனுமதியில் பறப்பது, பயணிகள் விமானத்துக்கான சான்றிதழ் கிடையாது, ஆயுள் காப்பீடு செல்லுமா? இப்படிப் பறந்தவர்கள் யாராவது இருக்கிறீர்களா? வீட்டில் இன்னும் சொல்லவில்லை.