பெரியம்மா வீட்டுக் கிணறு இன்னும் தெளியவில்லை

குழு: எங்கட குடும்பம்
ஞாயிறு, பின்னேரம்

கிரான் பெரியம்மா: [படம்]

கிரான் பெரியம்மா: வெள்ளம் வடிந்து வளவெல்லாம் காய்ந்துவிட்டது. கிணறு மட்டும் பால் தேத்தண்ணீர் நிறத்தில் நிற்கிறது. இறைத்துப் பார்த்தோம், மறுகாவும் அதே நிறம். இரவு ஒரு வாளியில் அள்ளி அசைக்காமல் வைத்தேன். அடியில் கொஞ்சம் மண் படிந்தது. மேலே உள்ளது தெளியவே இல்லை.

வாகரை மாமா: அக்கா, படிகாரம் போடுங்க.

தம்பி: பெரியம்மா, அது கூழ்மம்! போன கிழமைதான் படித்தோம். வாளியின் அடியில் படிந்தது தொங்கல். மேலே நிற்பது கூழ்மம். உப்புத் தண்ணீர் என்றால் அது கரைசல்.

கிரான் பெரியம்மா: எனக்குப் பெயர் வேண்டாம் மனே, தண்ணீர் வேண்டும்.

கல்முனை மச்சான்: 😂😂

வந்தாறுமூலை அக்கா: தம்பி சொன்னது சரிதான் பெரியம்மா. எல்லாம் பருமனில் இருக்கிறது. உப்பு கரைந்தால் அதன் துணிக்கைகள் 1 நனோமீற்றரை விடச் சிறியவை. ஒரு மில்லிமீற்றரில் 10 இலட்சம் நனோமீற்றர். 1 இலிருந்து 1000 நனோமீற்றர் வரை இருந்தால் கூழ்மம், அதற்கு மேலே தொங்கல். எல்லையில் வேலி ஒன்றும் கிடையாது. உங்கள் வாளியில் இரண்டும் கலந்துதான் இருந்தன.

வந்தாறுமூலை அக்கா: கணக்குப் போட்டுப் பார்த்தேன். 0.1 மில்லிமீற்றர் மணல் ஒரு செக்கனில் கிட்டத்தட்ட 8 மில்லிமீற்றர் கீழே இறங்கும். 100 நனோமீற்றர் களித் துணிக்கை ஒரு நாள் முழுக்க விழுந்தாலும் ஒரு மில்லிமீற்றர் வராது. ஒரு மீற்றர் இறங்க மூன்று வருடத்துக்கு மேல் எடுக்கும். அதுவும் தண்ணீர் ஆடாமல் அசையாமல் நின்றால்!

கிரான் பெரியம்மா: மூன்று வருடமா? அதுவரைக்கும் நான் போத்தல் தண்ணீரா வாங்குவது?

தம்பி: அதற்குக் காரணம் பிரவுணியன் இயக்கம், சின்னத் துணிக்கைகள் ஓயாமல் துடிப்பது. பாருங்கள், இப்போது எங்கள் வீட்டு யன்னலில் எடுத்தேன்.

தம்பி: [வீடியோ]

வந்தாறுமூலை அக்கா: வெயில் கோட்டில் தூசி ஆடுவதா? அது காற்று இழுத்துக்கொண்டு போவது தம்பி. எல்லாத் தூசியும் ஒரே பக்கம் சுழன்று போகிறது, கவனித்துப் பார். பிரவுணியன் இயக்கத்தில் ஒவ்வொரு துணிக்கையும் தன் பாட்டில், பக்கத்தில் இருப்பதைச் சட்டை செய்யாமல் துடிக்கும். அதைப் பார்க்க நுணுக்குக்காட்டி வேண்டும். பள்ளிக்கூடத்தில் ஒரு துளி பாலில் நிறையத் தண்ணீர் கலந்து 400 மடங்கில் வைத்துப் பார். சின்னக் கொழுப்பு உருண்டைகள் ஒரு இடத்தில் நிற்காது.

தம்பி: அதை முதலில் விவரித்த தாவரவியலாளர் பிரவுண் மகரந்தத்தில்தானே பார்த்தார்?

வந்தாறுமூலை அக்கா: 1827 இல். ஆனால் துடித்தது மகரந்த மணி இல்லை, அதற்குள் இருந்த பொடித் துணிக்கைகள். மணி அப்படித் துடிக்க முடியாத அளவு பெரியது. பாதிப் பேர் இதைப் பிழையாகத்தான் எழுதுகிறார்கள்.

வந்தாறுமூலை அக்கா: ரொபேர்ட் பிரவுணை எனக்குப் பிடிப்பதே அதற்குப் பிறகு அவர் செய்த வேலையால்தான். மகரந்தத்துக்கு உயிர் இருப்பதால் ஆடுகிறதோ என்று சந்தேகப்பட்டு, உயிரே இல்லாத கண்ணாடியையும் கல்லையும் பொடியாக்கிப் போட்டார். எகிப்து ஸ்பிங்ஸ் சிலையின் துண்டு ஒன்றைக்கூட விடவில்லை. எல்லாமே ஆடின. ஏன் என்று அவருக்கே கடைசிவரை தெரியாது.

கல்முனை மச்சான்: சிலையையும் இடித்தாரா, வெள்ளைக்காரன் வெள்ளைக்காரன்தான்.

வந்தாறுமூலை அக்கா: தண்ணீர் மூலக்கூறுகள் எல்லாப் பக்கமும் இருந்து மோதுகின்றன. துணிக்கை சின்னது என்பதால் ஒரு கணத்தில் ஒரு பக்கத்து மோதல் கூடிவிடுகிறது, அந்தப் பக்கத்திலிருந்து தள்ளுப்படும். ஐன்ஸ்டைன் 1905 இல் இதற்குக் கணக்குப் போட்டார். பெரின் என்ற பிரெஞ்சுக்காரர் துணிக்கைகளை அளந்து அந்தக் கணக்குச் சரி என்று காட்டினார். அணு என்று ஒன்று உண்மையில் உண்டா என்று அதுவரை பெரிய ஆட்களே சண்டை பிடித்துக்கொண்டிருந்தார்கள். பெரினுக்கு 1926 இல் நோபல் பரிசு கிடைத்தது.

வாகரை மாமா: மருமகள், படிகாரம் போடலாமா கூடாதா? அக்கா காத்துக்கொண்டிருக்கிறார்.

வந்தாறுமூலை அக்கா: வருகிறேன் மாமா, அதற்குத்தான் வருகிறேன். புத்தகத்தில் "பிரவுணியன் இயக்கத்தால் கூழ்மம் படியாது" என்று ஒரு வரியில் முடித்துவிடுவார்கள். அது பாதிதான். 10 நனோமீற்றர் துணிக்கைக்குச் சரி. 100 நனோமீற்றர் களியை அந்தத் துடிப்பால் மட்டும் காலம் முழுக்கத் தூக்கி வைத்திருக்க முடியாது. அதோடு, துடித்தால் ஒன்றோடொன்று மோதுமே? மோதும்போதெல்லாம் ஒட்டிக்கொண்டால் கட்டியாகி விழுந்துவிடும். ஒட்டாமல் இருப்பதற்குக் காரணம் மின்னேற்றம். களித் துணிக்கைகளின் மேற்பரப்பு மறை ஏற்றம் கொண்டது, அதனால் ஒன்றையொன்று தள்ளிவிடுகின்றன. என்னைக் கேட்டால் இதைத்தான் முதலில் சொல்லிக் கொடுக்க வேண்டும்.

தம்பி: படிகாரத்தில் அலுமினியம் இருக்கிறது. நேர் ஏற்றம் மூன்று!

வந்தாறுமூலை அக்கா: அதேதான். அது தள்ளுவிசையைக் குறைத்துவிடும். மறுகா அந்தத் துடிப்பே துணிக்கைகளை மோத வைத்து ஒட்ட வைக்கும். தண்ணீரில் உண்டாகும் அலுமினியம் ஐதரொட்சைட்டுத் திரளும் மீதியை அள்ளிக்கொண்டு கீழே போகும்.

வாகரை மாமா: பாலுக்கு உறை விட்டால் தயிர் கட்டியாவதும் இந்த மாதிரியா?

வந்தாறுமூலை அக்கா: ஓம் மாமா! பாலில் கேசீன் என்ற புரதம் கூழ்மமாகத்தான் இருக்கிறது. உறையில் உள்ள பற்றீரியா அமிலத்தை உண்டாக்கும். அமிலம் கூடக் கூட அந்த ஏற்றம் போய்விடும், எல்லாம் கை கோத்துக் கட்டியாகும். பட்டியில் தினமும் நீங்கள் செய்கிறது இரசாயனம்.

வாகரை மாமா: அப்போ எனக்கும் ஒரு பட்டம் தாங்க.

கல்முனை மச்சான்: மச்சாள், வாவியில் வெள்ளத் தண்ணீர் முகத்துவாரப் பக்கம் போகும்போது சேறு படிவதும் இதனாலா?

வந்தாறுமூலை அக்கா: ஒரு பங்கு இதனால். நல்ல தண்ணீரில் மிதந்து வந்த களி, கடல் உப்பைக் கண்டதும் திரளும். நீரோட்டம் அங்கே குறைவதும் ஒரு காரணம்.

கிரான் பெரியம்மா: அப்போ உப்பைப் போட்டாலும் தெளியுமா?

வந்தாறுமூலை அக்கா: தெளியலாம், குடிக்கத்தான் ஏலாது. உப்பில் சோடியத்துக்கு ஏற்றம் ஒன்றுதான், நிறையப் போட வேண்டும். படிகாரம் ஒரு லீற்றருக்குச் சில பத்து மில்லிகிராம் போதும்.

வந்தாறுமூலை அக்கா: கிணற்றுக்குள் கொட்ட வேண்டாம் பெரியம்மா. ஒரு பெரிய வாளியில் அள்ளி, பொடித்த படிகாரத்தைக் கொஞ்சம் தண்ணீரில் கரைத்து ஊற்றுங்கள். முதலில் வேகமாகக் கலக்கி, பிறகு மெதுவாக, பஞ்சு மாதிரித் திரளும் வரை. அப்படியே விட்டு, மேல் தண்ணீரை மட்டும் வடித்தெடுங்கள்.

கிரான் பெரியம்மா: சரி மகள். தெளிந்தால் குடிக்கலாம்தானே?

வந்தாறுமூலை அக்கா: இல்லை இல்லை! தெளிந்த தண்ணீரிலும் கிருமி இருக்கும். பற்றீரியா ஒன்றிரண்டு மைக்ரோமீற்றர்தான், வைரசு 100 நனோமீற்றரை விடச் சிறியதாகவும் இருக்கும், கண்ணுக்குத் தெரியாது. வெள்ளத்தில் மலசலகூடக் குழிகளும் நிரம்பியிருக்கும். நன்றாகக் கொதிக்க வைத்துத்தான் குடிக்க வேண்டும். பீஎச்ஐ (பொதுச் சுகாதாரப் பரிசோதகர்) ஐயா வந்தால் கிணற்றுக்குக் குளோரின் போடச் சொல்லுங்கள். கலங்கல் இருக்கும்போது போட்டால் சேறே குளோரினைத் தின்றுவிடும், அதனால் முதலில் கிணற்றை இறைத்துச் சேற்றை வெளியே எடுக்க வேண்டும்.

கல்முனை மச்சான்: [படம்]

கல்முனை மச்சான்: இரண்டு கிளாஸ், போன் டோர்ச். இடது பக்கம் உப்புத் தண்ணீர், ஒளி போன வழியே தெரியவில்லை. வலது பக்கம் ஒரு சொட்டுப் பால் விட்டது, கோடு போட்ட மாதிரித் தெரிகிறது.

தம்பி: டின்டால் விளைவு!! கூழ்மத் துணிக்கைகள் ஒளியைச் சிதறடிப்பதால் வழி தெரிகிறது.

வந்தாறுமூலை அக்கா: ஓம். பெரியம்மா, வடித்த தண்ணீரை இரவில் இப்படிப் பாருங்கள். கோடு தெரிந்தால் இன்னும் களி நிற்கிறது.

கிரான் பெரியம்மா: டோர்ச் இருக்கிறது. படிகாரம்தான் இல்லை. மாமாவிடம் இருக்குமா?

வாகரை மாமா: நாளைக்குத் தயிரோடு அனுப்புகிறேன் அக்கா.

தம்பி: அக்கா, சோதனையில் ஏன் படியாது என்று கேட்டால் எதை எழுதுவது? புத்தகத்தில் உள்ளதையா, நீங்கள் சொன்னதையா?

வந்தாறுமூலை அக்கா: புத்தகத்தில் உள்ளதை எழுது. அடுத்த வரியில் மின்னேற்றத்தையும் எழுது. புள்ளி குறைத்தால் என்னிடம் சொல்லு.