மறுமொழி: நிலவறை ஸ்டூடியோ – ‘சவுண்ட்ப்ரூஃப்’ ஒரு சொல்லா, இரண்டா?

வணக்கம்.

கீழக்கரைக் காக்கா (அண்ணன்) தொடங்கிய இழை, கலைச்சொல்லை விட்டுவிட்டு மைக் விலைக்குப் போய்விட்டது. அவர் கேட்டது இதுதான்:

> புதுவீட்டில் பேஸ்மென்ட் எடுத்து அதில் ஒலிப்பதிவு அறை போட நினைக்கிறேன். அம்பாப் பாட்டு (மீனவர்களின் தொழிற்பாட்டு) பாடும் பெரியவர்கள் இருக்கும்போதே பதிந்துவைக்க வேண்டும். பேஸ்மென்ட்டுக்கும் சவுண்ட்ப்ரூஃபுக்கும் நல்ல தமிழ்ச்சொல் சொல்லுங்கள்.

முதல் சொல்லுக்கு மெனக்கெட வேண்டாம், நிலவறை இருக்கிறது. தொண்டித் தம்பி சொன்ன ‘அடித்தளம்’ அஸ்திவாரத்தையும் குறிக்கும். பேஸ்மென்ட் என்றே இருக்கட்டும் என்றால் அதிலும் வம்பு. நம் கொத்தனார்கள் வாயில் அது ‘பேஸ்மட்டம்’, தரைக்கு மேலே உயர்த்திக் கட்டும் பகுதி. ‘பேஸ்மட்டம் நாலடி வைங்க’ என்றால் வீடு நாலடி உயரும், பள்ளம் விழாது.

சொல் கிடைத்தாலும் அறை கிடைக்குமா என்பது வேறு கதை. நம் கடற்கரை மணலில் நிலத்தடி நீர் மேலேயே கிடக்கிறது, பல இடங்களில் உவர்நீர். நிலவறைத் தளத்துக்கு மேல் ஒரு மீட்டர் உயரத்துக்கு வெளியே நீர் நின்றால், சதுர மீட்டருக்கு ஏறத்தாழ ஒரு டன் அழுத்தம் தளத்தைக் கீழிருந்து தூக்கும். கசிவு ஒருபக்கம், உப்பு ஏறிக் கம்பி துருப்பது இன்னொரு பக்கம். அந்த ஈரத்தில் கண்டென்சர் மைக் வைத்தால் படபடவென்று பொரியும். மைக்கை சிலிக்கா ஜெல் போட்ட டப்பாவில் பூட்டி வைக்கலாம், அறையையே டப்பாவில் போட முடியாது. மலைநாட்டிலும் குளிர்நாட்டிலும் நிலவறை ஸ்டூடியோ எடுபடுகிறது என்றால், சுற்றியுள்ள மண்ணே அங்கே சுவருக்குத் துணை. இங்கே மண்ணோடு தண்ணீரும் சேர்ந்து வரும்.

சரி, இரண்டாவது சொல். இதற்குத்தான் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன்.

> ‘ஒலிபுகா அறை’ என்று ஏற்கெனவே புழக்கத்தில் இருக்கிறதே, பிறகு என்ன?

தம்பி, சிக்கல் அங்கேதான். கடையில் போய் ‘சவுண்ட்ப்ரூஃப் பண்ணணும்’ என்று கேட்டால் கூம்பு கூம்பாக வெட்டிய ஃபோம் ஷீட்டைத் தருகிறார்கள். வாங்கி நாலு சுவரிலும் ஒட்டியாயிற்று. விடியற்காலை வல்லம் (மீன்பிடிப் படகு) இன்ஜினைக் கிளப்பினால் அந்தச் சத்தம் முன்னைப்போலவே உள்ளே வருகிறது. ஃபோம் தன் வேலையைச் செய்துகொண்டுதான் இருக்கிறது. அதன் வேலை வேறு.

வெளிச்சத்தம் உள்ளே வராமலும் உள்சத்தம் வெளியே போகாமலும் நிறுத்துவது ஒன்று. அதற்கு எடையும் அடைப்பும் வேண்டும். சுவரின் எடையை இரட்டிப்பாக்கினால் ஏறத்தாழ 6 டெசிபல் குறையும், அவ்வளவே. அடைப்போ அதைவிட முக்கியம்: சுவர்ப்பரப்பில் நூற்றில் ஒரு பங்கு திறந்து கிடந்தால், மீதிச் சுவர் கோட்டைச் சுவராக இருந்தாலும் மொத்தத் தடுப்பு 20 டெசிபலைத் தாண்டாது. கதவுக்குக் கீழே உள்ள இடுக்கு, ஏசி குழாய்க்குப் போட்ட ஓட்டை, எக்ஸாஸ்ட் ஃபேன் சந்து எல்லாம் இந்தக் கணக்கில் வரும்.

உள்ளே எழுப்பிய ஒலி சுவரில் மோதித் திரும்பிக் குரலைக் குழப்பாமல் பார்ப்பது மற்றொன்று. எதிர்முழக்கத்தைக் கட்டுக்குள் வைப்பது. ஃபோம், ராக்வூல் (பாறைநார்) பலகை, கனத்த திரை எல்லாம் இந்த வேலைக்கு. (முட்டை அட்டை இரண்டுக்குமே உருப்படியாக உதவாது.)

இரண்டுக்கும் ஒரே சொல்லை வைத்தால் பணம் தவறான சுவரில் போய் ஒட்டும். ஆகவே முதலாவதற்கு ‘ஒலித்தடுப்பு’ என்கிறேன். ‘புகா’ என்றால் துளியும் புகாது என்று வாக்குக் கொடுத்த மாதிரி ஆகிறது. தடுப்பு என்றால் எவ்வளவு தடுக்கிறது என்று கேட்கலாம், டெசிபலில் சொல்லலாம்.

இரண்டாவதற்கு வந்த பரிந்துரைகளில் ‘ஒலிச்சீரமைப்பு’ தவறில்லை. ஆனால் சீரமைப்பு என்றாலே குண்டும் குழியுமான சாலைதான் நினைவுக்கு வருகிறது. ‘ஒலிமெருகு’ பதிந்த பிறகு கணினியில் செய்யும் வேலைக்குப் பொருந்தும், அறைக்கு இல்லை. என் பரிந்துரை ‘அறைப்பதம்’.

ஏன் பதம்? கூடவும் கூடாது, குறையவும் கூடாது என்பது அந்தச் சொல்லிலேயே இருக்கிறது. நாலு சுவரையும் பஞ்சால் மூடினால் அறை செத்துப்போகும். பாடுகிறவருக்கே தன் குரல் அந்நியமாகக் கேட்கும். அதை ‘பதம் மிஞ்சிய அறை’ எனலாம். வெறும் சுவரும் டைல்ஸும் போட்ட அறை ‘பதம் ஏறாத அறை’. வினையாகவும் வரும்: அறையைப் பதப்படுத்து. பேச்சுக்கு ஒரு பதம், நாலு பேர் சேர்ந்து ஏலேலோ இழுக்கும் அம்பாவுக்கு இன்னொரு பதம். ‘பதம் என்றால் சொல் என்றும் பொருள், குழப்பம் வரும்’ என்று பேராசிரியர் ஐயா எழுதியிருந்தார். ஸ்டூடியோ பேச்சில் அந்தக் குழப்பம் வராது என்று நினைக்கிறேன் ஐயா. சமையற்கட்டில் யாரும் குழம்புவதில்லை.

அப்புறம் பேஸ் டிராப், அதாவது தாழ்ந்த ஒலியை உறிஞ்ச அறை மூலையில் வைப்பது. பாம்பன் நண்பர் மீன்பிடிக் கூட்டை நினைத்து ‘தாழொலிக் கூடு’ என்றார். கேட்க அழகாகத்தான் இருக்கிறது. ஆனால் கூட்டில் மீன் அகப்பட்டு உயிரோடு கிடக்கும்; இங்கே ஒலி நாருக்குள் உரசி வெப்பமாகித் தீர்ந்துவிடுகிறது. கூடு என்றால் காலிப் பெட்டி செய்து மாட்டிவிடுவார்கள். மூலையில் பஞ்சைத் தடிமனாகத் திணித்து வைப்பதுதானே, ‘மூலைப்பொதி’ போதும். தடிமன் முக்கியம்: 100 ஹெர்ட்ஸ் அலையின் நீளம் ஏறத்தாழ 3.4 மீட்டர், இரண்டு அங்குல ஃபோம் அதை உணரக்கூட உணராது.

ஒலியைப் பல திசைக்கும் பரப்பிவிடும் டிஃப்யூசருக்கு என்னிடம் சொல் இல்லை. ‘சிதறி’ என்று யாரோ எழுதியது தேங்காயை நினைவுபடுத்துகிறது. வேறு யாராவது தொடங்குங்கள்.

காக்கா, பள்ளம் தோண்ட ஆள் சொல்வதற்கு முன் ஐப்பசி, கார்த்திகை மழையில் உங்கள் வீட்டுக் கிணற்றில் தண்ணீர் எத்தனை அடியில் நிற்கிறது என்று அளந்து எழுதுங்கள். உங்கள் பழைய வீட்டில் சன்னல் இல்லாத உள்ளறை, தடித்த சுவரோடு இருக்கிறது என்று முன்பொருமுறை சொன்னீர்களே, அதன் நீள அகல உயரத்தையும் சேர்த்து அனுப்புங்கள்.

அன்புடன்,
மண்டபத்திலிருந்து