எகிள்ஸ்டன் இல்லைன்னா கலர் போட்டோவுக்கு மரியாதையே இல்லையா?

இருட்டறை
நேற்று இன்னொரு இழையில் ஒருத்தர், கலர் போட்டோவைக் கலையாக்கிய முதல் ஆளே எகிள்ஸ்டன்தான் என்று அடித்துச் சொல்லியிருந்தார். அதற்காகவே இதைத் திறக்கிறேன். 1976-இல் நியூயார்க் நவீன கலை அருங்காட்சியகத்தில் புகைப்படப் பிரிவின் தலைவர் ஜான் சார்கோவ்ஸ்கி, அமெரிக்கப் புகைப்படக்காரர் வில்லியம் எகிள்ஸ்டனின் கலர் படங்களை மாட்டினார். உடனே கலர் கலையாகிவிட்டதாம்! அதே இடத்தில் 1943-லேயே எலியட் போர்ட்டர் எடுத்த பறவைப் படங்கள் கலரில் வந்தாயிற்று. 1962-இல் எர்ன்ஸ்ட் ஹாஸின் கலர் படங்கள். சால் லெய்ட்டர் 1950-களிலேயே ஆவி படிந்த கண்ணாடிக்குப் பின்னால் நியூயார்க் தெருவைக் கலரில் எடுத்துக்கொண்டிருந்தார்.

கோடாக்குரோம்
தேதி கணக்கு சரி சார், விஷயம் அதில் இல்லை. பறவை, பூ எல்லாம் கலரில் அழகாக இருப்பதில் என்ன ஆச்சரியம்? எகிள்ஸ்டன் எடுத்தது மெம்ஃபிஸ் புறநகரில் நிற்கும் ஒரு பழைய மூணு சக்கர சைக்கிளை. கேமராவைத் தரையோடு வைத்து எடுத்ததால் அது பின்னாலிருக்கும் வீட்டைவிடப் பெரிசாக நிற்கும். இன்னொன்று, 1973-இல் மிசிசிப்பி கிரீன்வுட்டில் எடுத்தது: ரத்தச் சிவப்பில் கூரை, நடுவில் மொட்டை பல்பு, அதை நோக்கி ஓடும் வெள்ளை ஒயர்கள். அவ்வளவுதான். கருப்பு வெள்ளையில் போட்டுப் பாருங்கள், ஒயரிங் வேலை மட்டும்தான் மிஞ்சும்.

வெள்ளி உப்பு
ஒயரிங் வேலைதானே அது! சார்கோவ்ஸ்கி இந்தப் படங்களைக் 'கச்சிதம்' என்று எழுதினார். நியூயார்க் டைம்ஸில் கலை விமர்சகர் ஹில்டன் கிரேமர் 'கச்சிதமான சாதாரணம், கச்சிதமான சலிப்பு' என்கிற தொனியில் வாரினார். கருப்பு வெள்ளையில் பேர் வாங்கிய வாக்கர் எவான்ஸ் கலரைக் கொச்சை என்றே சொன்னவர்.

கோடாக்குரோம்
அந்த எவான்ஸ்தான் கடைசிக் காலத்தில் எடுத்தவுடன் படம் வெளியே வரும் போலராய்டு எஸ்எக்ஸ்-70 கேமராவை வைத்துக்கொண்டு கலராகச் சுட்டுத் தள்ளினார். 😄

இருட்டறை
எகிள்ஸ்டனுக்கு முன்னால் வந்தவர்களைப் பற்றி நான் சொன்னதற்கு யாரும் வரவில்லை. லெய்ட்டரின் ஸ்லைடுகள் ஏன் பெட்டியில் கிடந்தன? பிரிண்ட் போடக் காசு இல்லை. அவருடைய கலர் படங்கள் புத்தகமாக வந்தது 2006-இல், அவருக்கு 80 வயது தாண்டிய பிறகு. எகிள்ஸ்டனோ பருத்தித் தோட்டக் குடும்பம். சிகாகோ லேப் ஒன்றின் விலைப்பட்டியலில் உச்சத்தில் இருந்த டை டிரான்ஸ்ஃபர் என்ற பிரிண்ட் முறையைத் தேர்ந்தெடுக்க முடிந்தது. சிகரெட், வாசனைத் திரவிய விளம்பரங்களுக்குப் பயன்பட்ட முறை அது: ஒரு படத்தை மூன்று நிறமாகப் பிரித்து, சயான், மெஜந்தா, மஞ்சள் சாயங்களை ஒன்றன்மேல் ஒன்றாக இம்மி பிசகாமல் ஒற்றி எடுக்க வேண்டும். அந்தச் சிவப்பு இவ்வளவு அடர்த்தியாக நிற்பதற்கு அதுவும் காரணம். 'முதல் ஆள்' பட்டத்தில் பாதி, லேப் பில்லைக் கட்ட முடிந்தவருக்குக் கிடைத்தது.

கோடாக்குரோம்
காசு இருந்த எத்தனையோ பேர் அந்தக் கூரையை நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லையே சார்.

மஞ்சள்பை
அண்ணன்மாரே, எல்லாமே அமெரிக்காவிலேயே சுற்றுகிறது. நம் புகைப்படக்காரர் ரகுபீர் சிங்கைப் பற்றி யாரும் பேசக் காணோம். கங்கைக்கரையைக் கலரில் எடுத்ததோடு, கருப்பு வெள்ளை மேற்கத்திய விரக்தியோடு வந்தது, இந்தியர் பார்வை நிறத்தில்தான் இருக்கிறது என்று வாதமும் வைத்தார். நம் ஊர் ஸ்டுடியோக்களில் 19-ஆம் நூற்றாண்டிலேயே கருப்பு வெள்ளைப் படத்தின்மேல் தூரிகையால் சேலைக்கும் நகைக்கும் வண்ணம் தீட்டிக் கொடுத்தார்கள். நமக்கு எந்த அருங்காட்சியகமும் அனுமதி தர வேண்டியிருக்கவில்லை.

வெள்ளி உப்பு
வண்ணம் பூசினால் கலையா தம்பி? அது வாடிக்கையாளர் கேட்டது. அப்புறம், டை டிரான்ஸ்ஃபர் பொருட்களையே கோடாக் 1990-களில் நிறுத்திவிட்டது. உங்கள் சிவப்புக்கு இனி கதி?

இருட்டறை
இங்க்ஜெட்தான். 2012-இல் எகிள்ஸ்டன் தன் பழைய படங்களையே பெரிய அளவில் டிஜிட்டல் பிரிண்டாகப் போட்டு கிறிஸ்டீஸில் ஏலம் விட்டார். 36 பிரிண்ட், 59 லட்சம் டாலர். பழைய டை டிரான்ஸ்ஃபரை வாங்கி வைத்திருந்த சேகரிப்பாளர் ஒருவர், என் பிரிண்டின் மதிப்பு போச்சு என்று வழக்குப் போட்டார். நீதிமன்றம் தள்ளுபடி செய்தது. காசு முக்கியமில்லை என்று இனி யாராவது சொல்லுங்கள், பார்ப்போம்.