கப்பல் சாப்பாடு முன்பு மாதிரி இல்லையே, உங்களுக்கும் அப்படித்தானா?

சாட்ஸ்வர்த் மருமகள் எழுதியது:

எல்லோருக்கும் வணக்கம். 2012இல் கல்யாணமான புதிதில் நானும் வீட்டுக்காரரும் டர்பனிலிருந்து நான்கு இரவு கப்பலில் மொசாம்பிக் பக்கம் போய் வந்தோம். அப்போது துறைமுகத்தில் பாயிண்ட் பக்கம் இந்தப் புது டெர்மினல் எல்லாம் கிடையாது, என்-ஷெட் என்கிற பழைய கொட்டகையில் பெட்டியை இழுத்துக்கொண்டு வேர்க்க வேர்க்க நின்றோம். ஆனால் சாப்பாடு! நான்கு நாளும் ஒரே மேசை, ஒரே வெயிட்டர். முதல் நாள் என் வீட்டுக்காரர் "கொஞ்சம் காரம் இருக்குமா" என்று கேட்டார், அவ்வளவுதான், மறுநாளிலிருந்து நாங்கள் உட்காரும் முன்பே ஒரு சின்னத் தட்டில் நறுக்கிய பச்சை மிளகாய் வந்து காத்திருக்கும். எனக்கு மாட்டிறைச்சி ஆகாது என்று இரண்டாம் தடவை சொல்லவே வேண்டியிருக்கவில்லை.

போன டிசம்பரில் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு சிங்கப்பூர் போய் அங்கிருந்து வேறு ஒரு கம்பெனியின் பெரிய கப்பலில் ஏறினோம். கப்பல் ஒரு ஊர் மாதிரி இருந்தது, குறை சொல்ல ஒன்றுமில்லை, சாப்பாட்டு மேசையைத் தவிர. தினமும் வரிசையில் நின்று, தினமும் புது மேசை, தினமும் புது முகம். மெனு அட்டை இல்லை, கியூ.ஆர். கோடு. மாமியார் கண்ணாடியை ஏற்றி இறக்கி என் போனையே பார்த்துக்கொண்டிருந்தார், பாவம். நடுராத்திரி பஃபே என்று ஒன்று இருக்குமே, பனிக்கட்டியில் அன்னம் செதுக்கி வைத்து? அதையும் காணோம். நல்ல ஸ்டேக் வேண்டுமா, தனி ரெஸ்டாரண்ட், தனிக் காசு.

இப்போது விஷயம் என்னவென்றால், வரும் மார்ச்சில் மாமியாருக்கு எழுபது. டர்பனிலிருந்தே கப்பலில் போகலாம் என்று நினைக்கிறோம். ஆனால் பங்குனி உத்திரக் காவடிக்கு அவர் விரதம் பிடிப்பார், கறி மீன் முட்டை எதுவும் கிடையாது. எல்லாக் கப்பலும் இப்படித்தான் மாறிவிட்டதா? சைவத்துக்கு என்ன வழி? தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

டோங்காட் கரும்பு எழுதியது:

மருமகளே, நீ 2012ஐப் பழைய காலம் என்கிறாய், எனக்குச் சிரிப்பு வருகிறது. எங்கள் அப்பா 1960களில் ஊரைப் பார்க்க வேண்டும் என்று டர்பனிலிருந்து பம்பாய்க்குக் கரஞ்சாவில் போனார். கரஞ்சா, கம்பாலா இரண்டும் பிரிட்டிஷ் இந்தியா கம்பெனிக் கப்பல்கள், பம்பாய்க்கும் நம் துறைமுகத்துக்கும் நடுவே மொம்பாசா அது இதென்று நின்று நின்று போகும். அப்பா போனது டெக் டிக்கெட்டில். வீட்டிலிருந்து ஆயா கட்டிக் கொடுத்த எலுமிச்சை ஊறுகாய் ஜாடிதான் பாதி வழி வரை அவரைக் காப்பாற்றியது என்பார். மேலே முதல் வகுப்பில் வெள்ளை மேசைவிரிப்பு, கீழே பாயும் தட்டும். 1976இல் கரஞ்சாவின் ஓட்டம் முடிந்தது, மறுவருடமே கேப்டவுன்–சவுத்தாம்டன் தபால் கப்பல்களையும் யூனியன்-காசில் கம்பெனிக்காரர்கள் நிறுத்திவிட்டார்கள், விமானம் வந்த பிறகு யார் கப்பலில் ஊருக்குப் போவார்கள்.

எதற்குச் சொல்கிறேன் என்றால், ஒரு கப்பலில் ஏறியவர்கள் எல்லோரும் ஒரே சாப்பாட்டைச் சாப்பிடுவது என்பதே நடுவில் கொஞ்ச காலம் வந்து போன வழக்கம். இன்றைக்கும் குவீன் மேரி 2 கப்பலில் எந்த அறை எடுத்தாயோ அதற்குத் தகுந்த சாப்பாட்டுக் கூடம்தான், பிரிட்டானியா ஒரு பக்கம், பிரின்சஸ் கிரில், குவீன்ஸ் கிரில் இன்னொரு பக்கம். உன் கப்பலில் ஸ்டேக்குக்குத் தனிக் காசு கேட்டார்கள், அங்கே அறைக் காசிலேயே பிடித்துக்கொள்கிறார்கள்.

மேசைமலை எழுதியது:

கரும்புத் தாத்தா சொன்னதில் ஒன்றைச் சேர்க்கிறேன். தனிக் காசு ரெஸ்டாரண்ட் இப்போது கண்டுபிடித்தது இல்லை. 1905இல் அமெரிக்கா என்ற ஜெர்மன் கப்பலில் ரிட்ஸ் ஹோட்டல் பெயரில் ஒன்று வைத்தார்கள். 1912இல் டைட்டானிக்கிலும் ஒன்று இருந்தது. ஆனால் அது பணக்காரர்களுக்கு. இப்போது நம்மைப் போன்றவர்களிடம் சில்லறை சில்லறையாகக் கறக்கிறார்கள், அதுதான் கடுப்பு. ராயல் கரீபியன் கம்பெனி 2017இல் அறைக்குச் சாப்பாடு கொண்டுவர 7.95 டாலர் என்று ஆரம்பித்தது, அதற்கு முன் பெரும்பாலும் இலவசம். கார்னிவல் கம்பெனிக் கப்பல்களில் பெரிய சாப்பாட்டுக் கூடத்தில் மூன்றாவது மெயின் டிஷ் கேட்டால் 5 டாலர். சரி, மூன்று மெயின் சாப்பிடுகிற ஆள் கொடுக்கட்டும் என்று விடலாம். ஆனால் டாலரை ராண்டாக்கிப் பார்த்தால் வயிறு எரிகிறது. மலிவாக டிக்கெட் விற்றுவிட்டு உள்ளே போனதும் மீட்டர் போடுகிறார்கள், ஆசை காட்டி ஏற்றி அவஸ்தையில் இறக்குவதுபோல.

மெனுவும் சுருங்கிவிட்டது. 2023இல் ராயல் கரீபியன் இரவு மெனுவை மாற்றி ஒவ்வொரு நாளும் ஒரு தீம் என்று ஆக்கியது, ஒரு நாள் இத்தாலி, ஒரு நாள் பிரான்ஸ் இப்படி. நல்லது. ஆனால் எந்த நாளும் கேட்டால் கிடைக்கும் என்று இருந்த பழைய அயிட்டங்கள் பல போய்விட்டன. பிள்ளைகள் ஃபிரெஞ்சு நாளில் என்ன சாப்பிடும்?

பழைய வெயிட்டர் எழுதியது:

அக்கா, நான் தூத்துக்குடிக்காரன், ஒன்பது வருடம் இரண்டு கம்பெனிக் கப்பல்களில் முதலில் அசிஸ்டண்ட் வெயிட்டர், பிறகு வெயிட்டர். டர்பன் பெண்ணைக் கட்டிக்கொண்டு அம்ஷ்லாங்காவில் செட்டிலாகிவிட்டேன். இந்தப் பேச்சு எங்கே நடந்தாலும் "கஞ்சத்தனம்" என்று ஒரே வார்த்தையில் முடித்துவிடுகிறார்கள், பாதி உண்மைதான், மீதியை உள்ளே நின்று பார்த்தவன் சொல்கிறேன்.

முன்பு இரண்டு பந்தி. முதல் பந்தி ஆறு மணி சுமாருக்கு, இரண்டாம் பந்தி எட்டேகால் சுமாருக்கு. கல்யாண வீடு மாதிரி எல்லோரும் ஒன்றாக உட்கார்வார்கள், ஒன்றாக எழுந்திருப்பார்கள். சமையலறைக்கு இது சொர்க்கம். ஆறேகாலுக்கு சூப் இத்தனை, ஏழுக்கு மெயின் இத்தனை என்று முன்பே தெரியும், பத்துப் பதினைந்து வகை வைத்தாலும் சமாளிக்கலாம். 2000இல் நார்வீஜியன் கம்பெனி ஃப்ரீஸ்டைல் என்று கொண்டு வந்தது, எப்போது வேண்டுமானாலும் வா, யாரோடு வேண்டுமானாலும் உட்கார். விருந்தாளிகளுக்குப் பிடித்துப்போயிற்று, மற்றக் கம்பெனிகளும் ஆளுக்கொரு பெயர் வைத்துப் பின்னால் வந்தார்கள். ஆனால் ஐந்தரை மணியிலிருந்து ஒன்பதரை வரை ஆட்கள் சொட்டுச் சொட்டாக வந்தால் அதே பதினைந்து வகையையும் நான்கு மணி நேரமும் சூடாக, பதமாக வைத்திருக்க வேண்டும். முடியாது அக்கா. வகை குறைந்ததற்கு அது ஒரு பெரிய காரணம். நேரத்தைத் தளர்த்தினால் மெனுவை இறுக்கித்தான் ஆக வேண்டும். இதில் ஸ்டேக் கடை, சூஷி கடை என்று கப்பலுக்குள் ஏழெட்டு இடம் திறந்து, நல்ல சமையற்காரர்களையும் அங்கே பிரித்து அனுப்பிவிட்டார்கள்.

நடுராத்திரி பஃபே விஷயம். அழகாகத்தான் இருக்கும், தர்பூசணியில் பூ செதுக்கி, பனியில் அன்னம் நிறுத்தி, எல்லோரும் கேமராவோடு வந்து சுற்றிப் பார்த்துவிட்டு ஒரு இறாலைக் கடித்துவிட்டுப் படுக்கப் போவார்கள். மற்றதெல்லாம்? அமெரிக்கத் துறைமுகங்களுக்குப் போகும் கப்பல்களில் அவர்களுடைய சுகாதாரத் துறை திடீரென்று ஏறி 100க்கு மதிப்பெண் போடும், 85 அல்லது அதற்குக் கீழே என்றால் ஃபெயில். பஃபேயில் குளிர்சாதனமோ சூடோ இல்லாமல் வைத்த சாப்பாட்டுக்கு நான்கு மணி நேரம்தான் கணக்கு, அப்புறம் கொட்டத்தான் வேண்டும். கொட்டுவதும் சும்மா இல்லை. கடலில் போட வேண்டுமென்றால் அரைத்துக் கூழாக்கி, பொதுவாகக் கரையிலிருந்து குறைந்தது 3 கடல்மைல் தள்ளி, அரைக்காமல் என்றால் 12 மைல். நான் ராத்திரி ஒரு மணிக்கு ட்ராலி ட்ராலியாகத் தள்ளிக்கொண்டு போயிருக்கிறேன். நம் அம்மாக்கள் ஒரு பருக்கை கீழே விழுந்தால் திட்டுவார்களே, அதை நினைத்துக்கொண்டேதான் தள்ளுவேன். அந்த பஃபே போனதில் எனக்கு வருத்தமே இல்லை.

பச்சை மிளகாய்க்கு வருகிறேன். அந்த வெயிட்டர் நல்லவராக இருந்திருப்பார், நானும் அப்படி நினைவு வைத்திருக்கிறேன், ஒரு பாட்டிக்கு வெந்நீரும் எலுமிச்சையும் என்று இன்னும் ஞாபகம் இருக்கிறது. ஆனால் கடைசி இரவில் ஒவ்வொரு மேசையிலிருந்தும் டிப்ஸ் வைத்த ஒரு கவர் கைக்கு வரும், எங்களுக்கு அதுதான் சம்பளம் மாதிரி. என் மேசை, என் ஆட்கள், என் கவர். இப்போது நாளொன்றுக்கு இவ்வளவு என்று சர்வீஸ் சார்ஜ் தானாகவே கணக்கில் ஏறி எல்லோருக்கும் பங்காகிறது. அடுப்படியில் பாத்திரம் கழுவுகிறவனுக்கும் பங்கு போகும் கப்பல்கள் உண்டு, அது நியாயம். ஆனால் தினமும் வேறு வேறு ஆட்கள் என் மேசைக்கு வந்தால் நான் யாருடைய மிளகாயை நினைவு வைப்பேன்? மனசு மாறவில்லை அக்கா, மேசை மாறிவிட்டது.

கியூ.ஆர். கோடு 2020க்குப் பிறகு வந்தது. தொற்றுக்குப் பயந்து அட்டையை எடுத்தார்கள், பஃபேயிலும் கொஞ்ச நாள் கண்ணாடிக்குப் பின்னால் நின்று நாங்களேதான் பரிமாறினோம். பஃபே கரண்டி திரும்ப விருந்தாளி கைக்கே வந்துவிட்டது. அட்டை மட்டும் பல கப்பல்களில் கேட்டால்தான் வரும். கேளுங்கள், கொடுப்பார்கள், உள்ளே வைத்திருப்பார்கள்.

சாட்ஸ்வர்த் மருமகள் எழுதியது:

அண்ணா, இவ்வளவு விவரமாக எழுதியதற்கு ரொம்ப நன்றி. கவர் விஷயம் படித்ததும் வீட்டுக்காரர் "நாம் அன்றைக்கு எவ்வளவு வைத்தோம்" என்று கேட்டார், இருவருக்கும் ஞாபகமில்லை, கொஞ்சம் வெட்கமாகத்தான் இருந்தது. சரி, டர்பன் கப்பலில் என்ன நிலைமை? அப்புறம் சிங்கப்பூர்க் கப்பலில் சைவம் கிடைத்தது, ஆனால் மூன்று நாளும் அதே பனீர், அதே மஞ்சள் குழம்பு. மாமியார் மூன்றாம் நாள் ரொட்டியும் வாழைப்பழமும் போதும் என்றுவிட்டார். இங்கிருந்து எதாவது சமைத்து எடுத்துப் போகலாமா?

பழைய வெயிட்டர் எழுதியது:

டர்பனிலிருந்து இப்போது சீசனில் ஓடுவது எம்.எஸ்.சி. கப்பல். அந்தக் கம்பெனியில் சாதாரண டிக்கெட்டுக்கு இரண்டு பந்தி முறை இன்னும் உண்டு, மேசையும் குறித்துக் கொடுப்பார்கள். பதிவு செய்யும்போதே முதல் பந்தி கேளுங்கள், வயதானவருக்கு ராத்திரி எட்டரைக்குச் சாப்பாடு சரிப்படாது. நான்கு நாளும் ஒரே வெயிட்டர் கிடைக்க வாய்ப்பு அதிகம்.

சைவத்துக்கு: பதிவிலேயே எழுதச் சொல்லுங்கள், "வெஜிடேரியன்" என்று மட்டும் எழுதினால் முட்டை வரும், சீஸ் ஆம்லெட் கொண்டுவந்து சிரித்துக்கொண்டே வைப்பான். முட்டையும் இல்லை என்று தனியாக எழுதுங்கள். கப்பலில் ஏறிய அன்றே, மத்தியானமே, சாப்பாட்டுக் கூடத்துக்குப் போய் மேத்ர டி-யை, அதாவது கூடத்தின் தலைமை ஆளைப் பாருங்கள், ராத்திரி வரை காத்திருக்க வேண்டாம். இந்திய சமையற்காரர் இருக்கிறாரா என்று கேளுங்கள், பெரும்பாலும் கோவாக்காரரோ வடக்கத்தியரோ ஒருவர் இருப்பார். ஒவ்வொரு இரவும் சாப்பிட்டு எழுந்திருக்கும்போது மறுநாள் என்ன வேண்டும் என்று சொல்லிவிட்டு எழுந்திருங்கள். சும்மா "இண்டியன் வெஜ்" என்றால் பனீர்தான். கத்திரிக்காய், பருப்பு, ரசம் மாதிரி ஒன்று என்று பெயர் சொல்லிக் கேளுங்கள், ஒரு நாள் அவகாசம் இருந்தால் செய்வான்.

ஒன்று மட்டும் முன்பே மாமியாரிடம் பேசிவிடுங்கள். அதே சமையலறையில்தான் கறியும் வேகும், பாத்திரம் தனி என்று யாராவது உறுதி சொன்னால் நான் நம்ப மாட்டேன். அது ஆகாது என்றால் காவடி முடிந்த பிறகு தேதி பாருங்கள். வீட்டில் சமைத்ததை ஏற்ற விட மாட்டார்கள், கடையில் வாங்கிய சீல் வைத்த ஊறுகாய், பிஸ்கட் என்றாலும் முன்பே கேட்டுக்கொண்டு எடுத்துப் போங்கள்.

டோங்காட் கரும்பு எழுதியது:

ஆயாவின் ஜாடியை இன்று ஏற்ற விட மாட்டார்களா! சரி சரி.

மருமகளே, சீசன் எதுவரை என்று கேட்டுக்கொண்டு, காவடியைத் தூக்கி இறக்கிவிட்டுக் கூட்டிப் போ. எழுபது வயதில் விரதமும் கடலாட்டமும் சேர்ந்தால் தலை சுற்றும்.

சாட்ஸ்வர்த் மருமகள் எழுதியது:

எல்லாவற்றையும் மாமியாருக்கு வாசித்துக் காட்டினேன். பாத்திர விஷயம் கேட்டதும் "அப்போ காவடிக்கு அப்புறம் போகலாம்" என்று அவரே முடிவு சொல்லிவிட்டார். முதல் பந்தி, முட்டை இல்லை, இரண்டும் ஏஜெண்டிடம் சொல்லியாயிற்று. அவருக்கு ஒரே ஒரு சந்தேகம்தான் பாக்கி: அங்கே டீ நன்றாக இருக்குமா?

பழைய வெயிட்டர் எழுதியது:

இருக்காது அக்கா. வெந்நீரும் ஒரு பையும் கொடுப்பார்கள், பாலைக் கேட்டால் சின்னக் குப்பியில் ஜில்லென்று வரும். டீத்தூள் பாக்கெட் ஒன்று சீல் உடைக்காமல் எடுத்துப் போங்கள், காலையில் பஃபேயில் நிற்கும் பையனிடம் சூடான பால் தனியாகக் கேளுங்கள். முதல் நாளே அவன் கையில் ஏதாவது கொடுத்துவிடுங்கள்.