பையன் எந்நேரமும் கபடி அண்ணன் கூடவே இருக்கான், தடுக்கணுமா?

பாலக்கோடு பக்கம் இருக்கோம். எங்க தெருவுல ஸ்டேட் லெவல் கபடி ஆடுற தம்பி ஒருத்தர், ரைடர் (எதிரணி பக்கம் பாடிப் போறவர்). என் பையன் நாலாவது படிக்கிறான், ஸ்கூல் விட்டு வந்ததும் பையை வீசிட்டு அவர் வீட்டுக்கு ஓடிடுறான், சாப்பாட்டுல கூட முப்பது செகண்டுக்குள்ள ரைடு முடிக்கணும்னு கிளாஸ் எடுக்குறான். அவர் ஒன்னும் சொல்றதில்ல, ஆனா தொந்தரவா இருக்குமோன்னு எனக்குத்தான் கூச்சமா இருக்கு.

பென்னாகரத்தான்: அவரையே நேரா கேளுங்க. பிராக்டிஸ் நேரத்துல வேணாம், ஞாயித்துக்கிழமை வரட்டும்னு அவரே சொல்லிடுவார். அப்புறம் சின்னப்பசங்களுக்கு ஆங்கிள் ஹோல்டு (கணுக்காலைப் பிடிச்சு நிறுத்துறது) எல்லாம் வெறுந்தரையில வேணாம், முட்டி போயிடும். ஓட்டம், மூச்சு, கால் வேகம் போதும்.

அரூர் அக்கா: எந்த அண்ணனா இருந்தாலும் கதவு தொறந்திருக்கணும், நீங்களும் அப்பப்போ எட்டிப் பாக்கணும். தப்பா நினைக்காதீங்க, பொதுவா சொல்றேன்.

டென்னிஸ்பால்: விடுங்க சார். பக்கத்து சேலம் மாவட்டம் சின்னப்பம்பட்டில கிரிக்கெட் பவுலர் நடராஜன் டென்னிஸ் பால்ல ஆடுனவர்தானே, 2020-21 ஆஸ்திரேலியா டூர்லயே மூணு ஃபார்மட்லயும் அறிமுகம், அப்புறம் ஊர்லயே கிரவுண்டு கட்டினார். அந்த ஊர்ப் பசங்களுக்கு அவர் டிவில வர்ற ஆளு இல்ல, நம்ம அண்ணன்.

கேள்வி கேட்டவர்: கேட்டுட்டேன். "அவன் வரலேன்னாதான் போரடிக்குதுண்ணா"ங்கிறார். எதிர்ல ஆறு பேராவது இருந்தாத்தான் போனஸ் கோட்டைத் தாண்டினா கூடுதல் பாயிண்ட்னு சொல்லிக் குடுத்திருக்கார் போல, இப்ப வீட்ல ஆள் பத்தலேன்னு தாத்தாவையும் இழுக்குறான்.