காற்றுத் தடையைக் குறைக்க வீட்டிலேயே செய்யும் மாற்றங்கள் மைலேஜைக் கூட்டுமா?

கேள்வி:
வணக்கம். உயரமான பெட்ரோல் ஹேட்ச்பேக் காரில் வாரந்தோறும் சென்னையிலிருந்து திருச்சிக்குச் சென்று திரும்புகிறேன். மணிக்கு 100 கி.மீ. வேகத்தில் லிட்டருக்கு 16 கி.மீ.தான் கிடைக்கிறது. முன் கிரில்லைப் பிளாஸ்டிக் தகட்டால் மூடுவது, கூரையின் பின்விளிம்பில் சிறிய பற்களை வரிசையாக ஒட்டுவது, வண்டியின் அடிப்பகுதியைத் தகடு வைத்து மறைப்பது ஆகிய மூன்றையும் நானே செய்ய எண்ணியுள்ளேன். கூரையில் லக்கேஜ் கேரியரும் இருக்கிறது. எது பயன் தரும், எது ஆபத்து என்று செய்து பார்த்தவர்கள் சொல்ல வேண்டுகிறேன்.

மறுமொழி 1:
கிரில்லை மூடும் எண்ணத்தை முதலில் கைவிடுங்கள். ஏசி கண்டென்சரும் ரேடியேட்டரும் அந்தத் திறப்புக்குப் பின்னால்தான் இருக்கின்றன. கடுங்குளிர் உள்ள நாடுகளில் பனிக்காலத்தில் அதை மூடி ஓட்டுகிறார்கள். சித்திரை வெயிலில் விழுப்புரம் தாண்டும்போது அதே வேலை எஞ்சினைக் கொதிக்க வைத்துவிடும்.

கேரியரை இன்றே கழற்றுங்கள்; அதற்குச் செலவே இல்லை. அடுத்து வேகத்தைப் பாருங்கள். காற்றுத் தடை வேகத்தின் வர்க்கத்துக்கு ஏற்ப வளர்வதால், 100-லிருந்து 80-க்கு இறங்கினாலே அது 36 சதவீதம் குறைகிறது. நாம் வீட்டில் வெட்டி ஒட்டும் எந்தத் தகடும் இதற்கு ஈடாகாது. உங்கள் அளவுள்ள காரில் ஏறத்தாழ 60 கி.மீ. வேகம் வரை டயரின் உருளும் தடையே பெரியது என்பதால், நகருக்குள் இந்த மாற்றங்களால் பெரிய பலன் இராது.

ஆயினும் வடிவத்தின் வலிமையைக் குறைத்து மதிப்பிடக் கூடாது. 1970-களில் கலிபோர்னியாவில் நாசா பொறியாளர்கள் ஒரு ஃபோர்டு வேனைச் சுற்றி அலுமினியத் தகடுகளால் கூர்விளிம்புகள் கொண்ட பெட்டி ஒன்றைக் கட்டி, பிறகு அதன் விளிம்புகளை மட்டும் படிப்படியாக வளைத்துச் சோதித்தார்கள். எல்லா விளிம்புகளும் வளைந்தபோது காற்றுத் தடை 54 சதவீதம் குறைந்திருந்தது. உங்கள் கார் ஏற்கெனவே வளைவுகளுடன்தான் வந்திருக்கிறது. மிச்சமிருக்கும் இடம் அடிப்பகுதிதான். தகட்டு வேலையை அங்கே செய்யுங்கள்.

மறுமொழி 2:
கூரைப் பற்களைப் பற்றிச் சொல்கிறேன். காற்று பின்கண்ணாடியை விட்டுப் பிரியாமல் ஒட்டிச் செல்லவைப்பதே அவற்றின் வேலை. மிட்சுபிஷி நிறுவனம் லான்சர் எவல்யூஷன் காரில் அவற்றைச் சோதித்தபோது, வடிவம் காற்றை எவ்வளவு எதிர்க்கிறது என்பதைக் காட்டும் எண்ணான தடைக் குணகம் 0.006 மட்டுமே குறைந்தது. பின்கண்ணாடி சரிந்திறங்கும் செடான் அது. ஹேட்ச்பேக்கிலோ கூரை முடியும் கூர்விளிம்பிலேயே காற்று பிரிந்துவிடுவதால், பற்களுக்கு அங்கே வேலை இல்லை. ஐயமிருந்தால் பின்கண்ணாடி முழுவதும் ஒரு சாண் நீளக் கம்பளி நூல்களை ஒட்டி, பின்னால் வரும் காரிலிருந்து நண்பரைப் படமெடுக்கச் சொல்லுங்கள். நூல் படிந்து கிடந்தால் காற்று ஒட்டிச் செல்கிறது. தாறுமாறாக ஆடினால் பிரிந்துவிட்டது. நான் பத்து ரூபாய் நூலில் கற்றது இதுதான், அதற்குப் பிறகு பற்கள் வாங்கவில்லை.

மறுமொழி 3:
மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு, தயாரிப்பாளரின் விவரக்குறிப்புக்கு மாறாக வண்டியை மாற்றுவதைத் தடுக்கிறது. சைடு மிர்ரரைக் கழற்றுவது, பின்னால் வால்போல் நீட்டுவது போன்றவற்றில் இறங்க வேண்டாம்.

கேள்வி கேட்டவர்:
மிக்க நன்றி ஐயா. கேரியரைக் கழற்றிவிட்டேன், பற்களையும் கிரில்லையும் விட்டுவிடுகிறேன். அடித்தகட்டை எதில் செய்வது, பலனை எப்படி அளப்பது என்று சொல்ல முடியுமா?

மறுமொழி 1:
மெல்லிய அலுமினியத் தகடு நல்லது. முன்பம்பரின் அடியிலிருந்து எஞ்சினுக்குக் கீழ்வரை மட்டும் மறையுங்கள். சைலன்சர் குழாயும் புகையைச் சுத்திகரிக்கும் கேட்டலிட்டிக் கன்வர்ட்டரும் பல நூறு டிகிரி சூடாகும் என்பதால் அவற்றை மூடாதீர்கள். தகட்டின் முன்விளிம்பைப் பம்பரின் கீழ்விளிம்புக்கு மேலே, உட்புறமாகச் செருகிப் போல்ட் போடுங்கள். வெளியே நீட்டிக்கொண்டிருந்தால் காற்று உள்ளே புகுந்து பிய்த்துவிடும். ஆயில் மாற்ற ஒரு கதவு வெட்டிக்கொள்ளுங்கள், இல்லையெனில் ஒவ்வொரு சர்வீசிலும் மெக்கானிக் அதைக் கழற்றி வளைத்துவிடுவார்.

அளப்பதற்கு, கேரியர் இல்லாத நிலையில் முதலில் மூன்று முறை போய்வாருங்கள். பிறகு தகட்டுடன் மூன்று முறை. ஒரே பங்க், ஒரே பம்ப், தானாக நிற்கும்வரை டேங்க் நிரப்புதல், காலையில் பார்த்த டயர் அழுத்தம், அதே வேகம். ஒருவழிக் கணக்கை நம்பாதீர்கள். ஒரு பக்கம் துணைநின்ற காற்று திரும்பும்போது எதிர்க்கும். இரண்டு சதவீத வித்தியாசமென்றால் அது பம்ப் நிரப்பும் பிழைக்குள்ளேயே அடங்கிவிடும், அப்போது இன்னும் மூன்று முறை ஓட்டிப் பாருங்கள்.