காலையில் குளிர்கிறது, அரை மணி நேரத்தில் வெறும் காற்று: இரண்டு முறை கேஸ் ஏற்றியும் கார் ஏசி சரியாகவில்லை

நெடுஞ்சாலை07

வணக்கம். எட்டு வருடம் ஓடிய பெட்ரோல் ஹேட்ச்பேக். காலையில் ஏசி போட்டால் நன்றாகக் குளிர்கிறது. இருபது, இருபத்தைந்து நிமிடம் ஓடிய பிறகு, முக்கியமாக சிக்னலில் நின்று நின்று போகும்போது, திடீரென்று வெறும் காற்றுதான் வருகிறது. காற்றின் வேகம் குறைவதில்லை, குளிர்ச்சி மட்டும் போய்விடுகிறது. வண்டியை நிறுத்திவிட்டு ஒரு மணி நேரம் கழித்து எடுத்தால் மறுபடியும் குளிர்கிறது.

பட்டறையில் காட்டினேன். நான் போய்ச் சேரும்போது ஏசி வேலை செய்யவில்லை. கேஸின் அழுத்தம் பார்க்கும் கேஜ் மாட்டினார்கள். இரண்டு முள்ளும் 115 பிஎஸ்ஐ பக்கத்தில் ஒரே இடத்தில் நின்றன. கேஸ் குறைவு என்று சொல்லி ஏற்றினார்கள். மறுநாள் காலை குளிர்ந்தது, மதியம் பழைய கதை. பத்து நாள் கழித்து வேறொரு இடத்தில் மறுபடியும் கேஸ். இப்போது கம்ப்ரஸரையே மாற்ற வேண்டும் என்கிறார்கள். அம்மாவை வாரம் ஒருமுறை மதிய வெயிலில் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போக வேண்டியிருக்கிறது, அதனால்தான் இத்தனை கவலை. கம்ப்ரஸர் மாற்றுவதற்கு முன் நானே பார்க்கக்கூடியது ஏதாவது இருக்கிறதா? என்னிடம் மல்டிமீட்டர் உண்டு, சாதாரண ஸ்பேனர் செட் உண்டு.

இரவுப்பயணி

ஓடும்போது குளிர்ந்து, நிற்கும்போது சூடானால் முதலில் கண்டென்ஸர் ஃபேனைப் பாருங்கள். கண்டென்ஸர் என்பது முன்பக்கம் கேஸின் சூட்டை வெளியே விடும் தகடு போன்ற பாகம். என் வண்டியில் ஃபேன் ரிலே போய் இதே மாதிரிதான் ஆனது. ஏசி போட்டதும் முன்பக்க ஃபேன் சுற்ற வேண்டும். கண்டென்ஸரில் மண்ணும் பூச்சியும் அடைத்திருந்தாலும் இப்படி ஆகும். தண்ணீரை மெதுவாக அடித்துக் கழுவுங்கள். வேகமாக அடித்தால் தகடுகள் மடங்கிவிடும்.

பழைய ஸ்பேனர்

தம்பி, நீங்கள் எழுதியதிலேயே பாதி விடை இருக்கிறது. கேஜில் இரண்டு முள்ளும் ஒரே இடத்தில் நின்றன என்கிறீர்களே, அதைத்தான் சொல்கிறேன்.

கம்ப்ரஸர் ஓடினால் இரண்டு முள்ளும் பிரிய வேண்டும். உறிஞ்சும் பக்கம் 30, 40 என்று இறங்கும், தள்ளும் பக்கம் 200-க்கு மேல் ஏறும். இரண்டும் சமமாக நிற்கிறது என்றால் கம்ப்ரஸர் ஓடவே இல்லை. அதற்குக் கேஸ் குறைவு என்று பொருள் இல்லை.

இன்னொன்றும் சொல்கிறேன், பொறுமையாகப் படியுங்கள். உங்கள் வண்டியில் ஆர்-134ஏ கேஸ் என்று எடுத்துக்கொள்கிறேன். கம்ப்ரஸர் நிற்கும்போது கேஜ் காட்டும் அழுத்தம், கேஸ் எவ்வளவு இருக்கிறது என்பதைச் சொல்லாது. வெயில் எவ்வளவு என்பதைத்தான் சொல்லும். 30 டிகிரியில் சுமார் 97 பிஎஸ்ஐ, 35 டிகிரியில் சுமார் 114. உள்ளே கொஞ்சம் திரவம் மிச்சம் இருக்கும்வரை 150 கிராம் இருந்தாலும் அதே அழுத்தம், 500 கிராம் இருந்தாலும் அதே அழுத்தம். சமையல் கேஸ் சிலிண்டரும் இப்படித்தான். தீரும் கடைசி நாள்வரை அடுப்பு ஒரே மாதிரி எரியும், தூக்கிப் பார்த்தால்தான் எடை தெரியும். ஏசி கேஸையும் எடை போட்டுத்தான் ஏற்ற வேண்டும். எத்தனை கிராம் என்று பானெட்டுக்குள் ஒரு ஸ்டிக்கரில் எழுதியிருக்கும்.

கேஸ் பெட்ரோல் மாதிரி எரிந்து தீரும் பொருளும் இல்லை. மூடிய குழாய்க்குள் சுற்றிச் சுற்றி வருவது. ரப்பர் குழாய் வழியே வருடக்கணக்கில் கொஞ்சம் கசியலாம். பத்து நாளில் தீர்ந்தது என்றால் கசிவு இருக்கிறது என்று அர்த்தம். கசிவு இருந்தால் அந்த இணைப்பில் எண்ணெய்ப் பிசுக்கோடு தூசி ஒட்டியிருக்கும், ஏனென்றால் கம்ப்ரஸர் ஆயிலும் கேஸோடு சேர்ந்தே வெளியே வரும். அப்படி ஏதாவது கண்ணில் பட்டதா? கசிவு இல்லாத வண்டிக்கு இரண்டு முறை ஏற்றியிருக்கிறார்கள் என்றால் இப்போது கேஸ் கூடுதலாகத்தான் இருக்கும்.

ஒரே ஒரு வேலை செய்யுங்கள். சூடான காற்று வரும் நேரத்தில் வண்டியை ஓரமாக நிறுத்தி, எஞ்சினும் ஏசியும் ஓடட்டும், பானெட்டைத் திறந்து கம்ப்ரஸர் முன்முகத்தைத் தள்ளி நின்று பாருங்கள். பெல்ட் போட்ட புல்லி எப்போதும் சுற்றும். அதற்கு முன்னால் உள்ள தட்டு, அதாவது மேக்னெட்டிக் கிளட்ச் பிளேட், சுற்றுகிறதா நிற்கிறதா என்று மட்டும் சொல்லுங்கள். கையையோ துணியையோ பெல்ட் பக்கம் கொண்டுபோகாதீர்கள். ஃபேன் எப்போது வேண்டுமானாலும் தானாகச் சுற்ற ஆரம்பிக்கும்.

மஞ்சள்விளக்கு

எனக்கும் இதே பிரச்சினைதான் அண்ணா. முதல் முக்கால் மணி நேரம் அருமையாகக் குளிர்கிறது, பிறகு போய்விடுகிறது. ஆனால் நீண்ட தூரம் நிற்காமல் ஓட்டும்போதுதான் வருகிறது. வென்டில் காற்றே குறைந்து, உஸ் என்ற சத்தம் மட்டும் கேட்கும். ஏசியை அணைத்து ப்ளோயரை மட்டும் ஓடவிட்டால் பதினைந்து நிமிடத்தில் சரியாகிறது. கொஞ்ச நாள் முன்புதான் கூலிங் காயிலைக் கழற்றிச் சுத்தம் செய்தேன். நானும் கிளட்சைப் பார்க்க வேண்டுமா?

பழைய ஸ்பேனர்

வேண்டாம், உங்களுடையது வேறு. முதலில் குளிர்ந்து பிறகு போகிறது என்று இருவரும் சொன்னாலும், காற்றின் வேகத்தில்தான் வித்தியாசம். அவருக்குக் காற்று அப்படியே இருக்கிறது, குளிர் மட்டும் இல்லை. உங்களுக்குக் காற்றே வரவில்லை. கூலிங் காயில் மேல் ஐஸ் பிடித்து வழியை அடைக்கிறது. காற்றில் உள்ள ஈரம் காயில் மேல் படிந்து தண்ணீராகச் சொட்ட வேண்டும், அது உறைந்துவிடுகிறது.

உறையும் நிலை வருவதற்கு முன்பே கம்ப்ரஸரை நிறுத்தச் சொல்வதற்கு அந்தக் காயிலின் தகடுகளுக்குள் ஒரு சின்ன சென்சர் செருகியிருப்பார்கள், தெர்மிஸ்டர் என்று பெயர். சுத்தம் செய்தபோது அதைத் திரும்ப அதே இடத்தில் செருகினார்களா என்று பாருங்கள். வெளியே தொங்கினால் அதற்குக் காயிலின் குளிர் தெரியாது, கம்ப்ரஸரை நிறுத்தச் சொல்லாது. சென்சரையே சோதிக்க வேண்டுமென்றால் கழற்றி ஓம் அளவு பாருங்கள், பிறகு ஐஸ் தண்ணீரில் முக்கிப் பாருங்கள். குளிரக் குளிர அளவு ஏற வேண்டும். அசையாமல் நின்றால் சென்சர் போய்விட்டது. கேபின் ஃபில்டரையும் உருவிப் பாருங்கள், அது அடைத்திருந்தாலும் ஐஸ் பிடிக்கும்.

நெடுஞ்சாலை07

அண்ணா, இன்று மதியம் பார்த்தேன். சூடான காற்று வந்தவுடன் நிறுத்திப் பார்த்தால் ஃபேன் சுற்றுகிறது. புல்லி சுற்றுகிறது. முன் தட்டு நிற்கிறது! காலையில் பார்த்தபோது டக் என்ற சத்தத்தோடு ஒட்டிக்கொண்டு சுற்றியது. எந்த இணைப்பிலும் எண்ணெய்ப் பிசுக்கு இல்லை. ஹாரன் ரிலேயும் ஏசி கிளட்ச் ரிலேயும் ஒரே மாதிரி இருந்ததால் மாற்றிப் போட்டும் பார்த்துவிட்டேன், வித்தியாசம் இல்லை. அப்படியானால் கம்ப்ரஸர் போய்விட்டதா?

மல்டிமீட்டர்

அவசரப்படாதீர்கள். தட்டு நிற்கும் அதே நேரத்தில் கிளட்ச் ஒயருக்குக் கரண்ட் வருகிறதா என்று அளந்தால் வழி இரண்டாகப் பிரிந்துவிடும். கரண்ட் வரவில்லை என்றால் ரிலே, பிரஷர் சுவிட்ச், சென்சர், ஒயரிங் பக்கம் தேட வேண்டும். வருகிறது என்றால் கிளட்ச் பக்கம். எஞ்சினை அணைத்துவிட்டு மீட்டர் ஒயரைக் கிளட்ச் ஒயரின் கனெக்டருக்குப் பின்னால் இருந்து செருகி, கிளிப் போட்டு வெளியே இழுத்து வைத்துக்கொண்டு, பிறகு ஸ்டார்ட் செய்யுங்கள். அப்படியே தட்டை இழுக்கும் கிளட்ச் காயிலின் ஓம் அளவையும் குளிர்ந்தபோது ஒரு முறை, சூடானபோது ஒரு முறை எடுத்து எழுதுங்கள்.

நெடுஞ்சாலை07

அளந்துவிட்டேன். தட்டு நிற்கும்போதும் 13.4 வோல்ட் வருகிறது. காயில் குளிர்ந்திருக்கும்போது 3.6 ஓம், சூட்டில் 4.6 ஓம்.

பழைய ஸ்பேனர்

அருமையாக அளந்திருக்கிறீர்கள் தம்பி. காயில் எரியவில்லை, செம்புக் கம்பி சூடானால் அதன் ஓம் ஏறுவது இயல்பு. கம்ப்ரஸருக்கு ஒன்றும் ஆகவில்லை என்றே நினைக்கிறேன். தட்டுக்கும் புல்லிக்கும் நடுவே உள்ள இடைவெளி தேய்ந்து அதிகமாகியிருக்கும்.

என்ன நடக்கிறது என்றால், தட்டை இழுப்பது ஒரு மின்காந்தம். 3.6 ஓம் 4.6 ஆனால் ஓடும் கரண்ட் ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் குறைகிறது, இழுக்கும் பலமோ ஏறக்குறைய நாற்பது சதவீதம் குறைந்துவிடும். புது வண்டியில் இடைவெளி பெரும்பாலும் 0.3 முதல் 0.6 மில்லிமீட்டர்வரை இருக்கும், அந்தக் குறைந்த பலமே போதும். வருடக்கணக்கில் டக் டக் என்று ஒட்டிப் பிரிந்து தேய்ந்த பிறகு தூரம் கூடிவிடுகிறது. காலையில் பலம் இருக்கும்போது எட்டிப் பிடிக்கிறது. ஒருமுறை ஒட்டிவிட்டால் பிடித்து வைத்திருக்கக் கொஞ்சம் பலம் போதும், அதனால்தான் இருபது நிமிடம் ஓடுகிறது. டாஷ்போர்டுக்குள் இருக்கும் கூலிங் காயில் போதுமான அளவு குளிர்ந்ததும் அதன் சென்சர் கம்ப்ரஸரை ஒரு நிமிடம் நிறுத்துமே, அப்போது தட்டு விலகும். மறுபடி இழுக்கும்போது சூட்டில் எட்டவில்லை. போக்குவரத்தில் நிற்கும்போது எஞ்சின் அறை இன்னும் சூடு, அதனால் அங்கேதான் அதிகம் படுத்துகிறது.

நீளக் குச்சியால் தட்டைத் தட்டிவிட்டால் ஒட்டிக்கொள்ளும் என்று சிலர் சொல்வார்கள். ஒட்டும்தான், ஆனால் சுற்றும் பெல்ட் பக்கத்தில் அந்த வேலை வேண்டாம். எஞ்சினை அணைத்து, சாவியை எடுத்துப் பாக்கெட்டில் போட்டுக்கொண்டு, ஃபீலர் கேஜ், அதாவது இடைவெளி அளக்கும் மெல்லிய தகடுகள், வைத்து அளந்தாலே போதும். மூன்று இடத்தில் அளக்கவும்.

கூடுதல் என்றால், நடுவில் உள்ள ஒற்றை போல்ட்டைக் கழற்றித் தட்டை உருவினால் அதன் பின்னால் ஷிம் என்கிற மெல்லிய வளையங்கள் இருக்கும். ஒன்றை எடுத்துவிட்டு மாட்டினால் இடைவெளி குறையும். இதற்குக் கேஸை இறக்க வேண்டாம், குழாய் எதையும் தொட வேண்டாம். கையால் சுற்றிப் பார்க்கும்போது தட்டு எங்கேயும் உரசக்கூடாது, அது முக்கியம்.

இரவுப்பயணி

ஒரு சந்தேகம். என் புது வண்டியில் இந்த டக் சத்தமே கேட்பதில்லை. அதிலும் இப்படித்தானா?

பழைய ஸ்பேனர்

இல்லை. இப்போது வரும் பல வண்டிகளில் கிளட்ச் இல்லாத கம்ப்ரஸர். எப்போதும் சுற்றிக்கொண்டே இருக்கும், உள்ளே ஒரு கன்ட்ரோல் வால்வு எவ்வளவு தள்ள வேண்டும் என்று தீர்மானிக்கும். அதை ஸ்கேனர் போட்டுத்தான் பார்க்க வேண்டும். புது வண்டிகள் பலவற்றில் கேஸும் ஆர்-1234ஒய்எஃப். அது தீப்பற்றக்கூடியது, வாய் அமைப்பும் வேறு. பழைய கேஸை அதில் ஏற்ற வைக்காதீர்கள்.

மஞ்சள்விளக்கு

அண்ணா, நீங்கள் சொன்னது அப்படியே சரி. டாஷ்போர்டுக்குக் கீழே டார்ச் அடித்துப் பார்த்தேன், சென்சர் ஒயரோடு வெளியே தொங்கிக்கொண்டிருந்தது. காயிலுக்குள் பழைய அடையாளம் தெரிந்த இடத்திலேயே செருகிவிட்டேன். நேற்று இரண்டரை மணி நேரம் நிற்காமல் ஓட்டினேன், காற்று குறையவே இல்லை. மிக்க நன்றி.

நெடுஞ்சாலை07

அண்ணா, வேலை முடிந்தது, விவரமாகவே எழுதுகிறேன்.

ஃபீலர் கேஜில் மூன்று இடத்திலும் 0.9 மில்லிமீட்டர் நுழைந்தது. போல்ட்டைக் கழற்றித் தட்டை உருவினேன். புல்லி முகத்தில் வட்டமாகப் பள்ளம் விழுந்து, சாம்பல் நிறத்தில் மாவு மாதிரித் தூள் படிந்திருந்தது. பின்னால் இரண்டு ஷிம். தடிமனானது 0.5. அதை எடுத்துவிட்டு மாட்டினேன், இப்போது 0.4. கையால் சுற்றினேன், உரசல் இல்லை.

ஸ்டார்ட் செய்ததும் ஒட்டியது. ஆனால் ஐடிலிங்கில் எஞ்சின் மூச்சு வாங்குகிற மாதிரி இழுத்தது, குளிர்ச்சியும் நினைத்த அளவு இல்லை. கேஸ் கூடுதலாக இருக்கும் என்று நீங்கள் சொன்னது ஞாபகம் வந்தது. ரெக்கவரி மெஷின் உள்ள இடத்துக்குப் போய்க் கேஜ் போடச் சொன்னேன். தள்ளும் பக்கம் 320! கேஸ் முழுவதையும் மெஷினில் எடுத்து எடை பார்த்தால் 690 கிராம். ஸ்டிக்கரில் 480 என்றுதான் இருக்கிறது. கிட்டத்தட்ட ஒன்றரை மடங்கு.

40 நிமிடம் பம்ப் வைத்து உள்ளே உள்ள காற்றை உறிஞ்சி வேக்கம் போட்டார்கள். பம்பை நிறுத்திய பிறகும் கால் மணி நேரம் முள் அசையவில்லை, ஆக கசிவும் இல்லை. பிறகு 480 கிராம் எடை போட்டு ஏற்றினார்கள்.

பழைய ஸ்பேனர்

அந்த 320-தான் கிளட்சையும் சேர்த்துத் தின்றிருக்கிறது. அழுத்தம் கூடக் கூடக் கம்ப்ரஸரைச் சுற்ற அதிக பலம் வேண்டும், தட்டு வழுக்கும், வழுக்கினால் சூடு, சூட்டில் காயில் இன்னும் பலவீனமாகும். நீங்கள் பார்த்த தூளும் பள்ளமும் அந்த வழுக்கலில் வந்தவைதான். கேஸை எடுக்கும்போது ஆயில் எவ்வளவு வெளியே வந்தது என்று மெஷின் காட்டியிருக்கும். அதே அளவு, அதே வகை ஆயிலைத் திரும்ப ஏற்றினார்களா என்று கேட்டுக்கொள்ளுங்கள். அதை மறந்தால்தான் நிஜமாகவே கம்ப்ரஸர் போகும். இப்போது அழுத்தமும் வென்ட் குளிரும் எவ்வளவு?

நெடுஞ்சாலை07

ஆயில் கேட்டுவிட்டேன், வெளியே வந்த அளவை அளந்து ஏற்றியதாகக் காட்டினார்கள். வெளியே 34 டிகிரி, வண்டி நின்ற நிலையில் உறிஞ்சும் பக்கம் 36, தள்ளும் பக்கம் 220. நடு வென்டில் தெர்மாமீட்டர் 8 டிகிரி காட்டியது. இன்று மதியம் அம்மாவோடு ஒரு மணி நேரத்துக்கு மேல் நெரிசலில் நின்று போனோம். டக் என்று விலகிய ஒவ்வொரு முறையும் கவனித்துக்கொண்டே இருந்தேன், ஒவ்வொரு முறையும் திரும்ப ஒட்டியது. வீட்டுக்கு வரும்போது அம்மா பின்சீட்டில் தூங்கிவிட்டார்.